இவெத்தின் கையெழுத்து

கென்ட், பெல்ஜியம்
2 நவம்பர் 2023

அன்புத் தங்கை எலிசெண்டாவுக்கு,

இந்தக் கடிதம் வந்து சேரும்போது நீங்கள் எல்லோரும் சளி, இருமல் இல்லாமல் இருக்க வேண்டும். எனக்கு இரத்த அழுத்தம் கொஞ்சம் மேலே, மனசு கொஞ்சம் கீழே. மற்றபடி குறையில்லை.

நேற்று அனைத்துப் புனிதர் திருநாள். இந்த ஊரில் யாரும் பாதாம் உருண்டை செய்வதில்லை. நானே மாவு பிசைந்து, பைன் பருப்பு ஒட்டி, அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோனேன். முன்னாள் அமைச்சர் ஃபெலியு ரொகாப்ருனா கரியைச் சுரண்டித் தின்றார் என்று பத்திரிகையில் வந்தால் நம் ஊரில் பாதிப் பேர் அழுவார்கள், மீதிப் பாதி விழுந்து விழுந்து சிரிப்பார்கள். என்னைப் பற்றி நடுவில் நின்று பேசுகிற ஒருவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

ஆறு வருடம் முடிந்துவிட்டது. ஸ்பெயினிலிருந்து நம் கத்தலான் நாட்டின் விடுதலைக்கான அந்த அக்டோபர் வாக்கெடுப்பு நடந்து, எங்கள் அரசாங்கத்தைக் கலைத்து, எங்களைப் பிடிக்க உத்தரவு வந்த வாரத்தில் ஒரே ஒரு பெட்டியோடு காரில் ஏறினேன். கிறிஸ்துமஸுக்குள் வந்துவிடுவேன் என்று உன்னிடம் சொன்னேன். எந்தக் கிறிஸ்துமஸ் என்று சொல்லவில்லை, அதனால் பொய் சொன்ன பாவம் இல்லை.

இப்போது மாட்ரிட்டில் எங்களுக்குப் பொதுமன்னிப்புச் சட்டம் கொண்டுவரப் போகிறார்களாம். நம்பக் கூடாது என்று மூளை சொல்கிறது. ஆனால் இரண்டு நாளாகக் காலையில் கண் விழித்ததும் நம் ஊர் டெர் ஆற்றின் வாடை வருகிறது. ஜன்னலைத் திறந்து பார்த்தால் கால்வாய். வேறு யாரோ ஒருவருடைய தண்ணீர்.

தொலைபேசியில் பேசலாமே என்று கேட்பாய். என் தொலைபேசியை ஒட்டுக் கேட்கிறவர்கள் நிறைய. அவர்கள் என் அரசியலைக் கேட்டுக்கொள்ளட்டும். உன் சமையலறையைக் கேட்க வேண்டாம்.

மீன்கடை பாக்கிதாவைக் கேட்டதாகச் சொல். உன் வீட்டுக்காரரின் முழங்கால் எப்படி இருக்கிறது?

உன் அண்ணன்,
ஃபெலியு


பொண்ட்வெல்
20 நவம்பர் 2023

அன்புள்ள அண்ணா,

நாங்கள் சுகம். உன் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போடு, மனசுக்கு என் கடிதத்தைப் படி.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இதில் உள்ள பிழைகளைத் திருத்தி அனுப்பாதே. நாம் படித்தபோது பள்ளிக்கூடத்தில் ஸ்பானிஷ் மட்டும்தான். வீட்டில் பேசுகிற கத்தலானை எழுத யாரும் சொல்லித் தரவில்லை. நீ மேலே படித்துக் கற்றுக்கொண்டு வாத்தியார் ஆனாய். நான் பதினான்கு வயதில் நூற்பாலைக்குப் போனவள். காதில் விழுகிற மாதிரிதான் எனக்கு எழுத வரும்.

ஊர் அப்படியேதான் இருக்கிறது. பாலத்துக் கம்பியில் ஒரு கூட்டம் உங்களுக்காக மஞ்சள் ரிப்பன் கட்டுகிறது, இன்னொரு கூட்டம் வந்து கத்தரிக்கிறது. மீன்கடையில் உன் பெயரைச் சொல்லி எனக்கு இரண்டு மத்தி கூடுதலாகப் போடுகிறாள் பாக்கிதா. ரொட்டிக்கடைக்காரி உன் பெயருக்காகவே நேற்று சுட்ட ரொட்டியைத் தலையில் கட்டுகிறாள். உன் அரசியலை நான் வயிற்றாலேயே தெரிந்துகொள்கிறேன்.

அவருடைய முழங்கால் நன்றாக இருக்கிறது. அண்ணா, ஆறு வருடமாக நீ முழங்காலைத்தான் கேட்கிறாய், மனுஷனைக் கேட்பதில்லை. அது என்ன "உன் வீட்டுக்காரர்"? ஹினேஸ் என்ற பெயர் வாயில் வராதா? எனக்கு அவரைக் கட்டி வைத்ததே நீதான்.

தெற்கே முர்சியாவிலிருந்து ரயிலில் வந்து இறங்கிய ஆறு வயதுப் பையனுக்குக் கத்தலான் தெரியாது. அதனால் நூற்பாலை வாசலில் முதல் நாள் நீங்கள் இரண்டு பேரும் ஸ்பானிஷில் பேசினீர்கள். அதோடு சரி. நம் ஊரில் இரண்டு பேர் முதன்முதலில் எந்த மொழியில் பேசிக்கொள்கிறார்களோ அது அவர்களுக்கு ஆயுளுக்கும் ஒட்டிக்கொள்ளும். டா போட்டவனை நீங்கள் என்று கூப்பிட நாக்கு வருமா, அந்த மாதிரி. பிறகு அவர் உன் மாலை வகுப்பிலேயே உட்கார்ந்து கத்தலான் எழுதக் கற்றார். என்னோடும் பிள்ளைகளோடும் கத்தலான்தான். உன்னோடு மட்டும் ஸ்பானிஷ். நீயும் அவரோடு மட்டும் ஸ்பானிஷ்.

அந்தச் சந்தை நாளை நான் சொல்ல வேண்டுமா? வாக்கெடுப்புக்கு மூன்று வாரம் முன்னால். உன்னைச் சுற்றி டிவிக்காரர்கள். அவர் ஓட்டி வந்த பஸ்ஸை நிறுத்திவிட்டு, வழக்கம்போலக் கையை நீட்டிக்கொண்டு வந்தார். "என்னடா ஃபெலியு, சாப்பிட்டியா?" என்றார். நீ கத்தலானில், "நலமாக இருக்கிறேன் ஐயா, தங்கள் அன்புக்கு நன்றி" என்றாய். நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. ஊரே பார்த்தது.

அன்று சாயங்காலம் எங்கள் பால்கனியில் ஸ்பெயின் கொடி ஏறியது. அதுவரை அவர் எந்தக் கட்சிக்கும் போனவர் இல்லை. உன் முதல் தேர்தலில் முர்சியாக்காரர் குடியிருப்பில் மாடி மாடியாக ஏறி உனக்கு ஓட்டுக் கேட்டவர். இப்போது கொடி சாயம் போனால் புதுசு வாங்கி மாட்டுகிறார். உன் பெயரை இந்த வீட்டில் சொல்வதில்லை.

மாட்ரிட்காரர்கள் உன்னை மன்னிக்கட்டும், நீ வா. வந்தால் எந்த மேஜையில் சாப்பிடுவாய்? என் மேஜையில் அவர் உட்கார்ந்திருப்பார். எனக்கு நீங்கள் இரண்டு பேரும் வேண்டும், அண்ணா. அதை நினைத்துத்தான் நான் இளைத்துப்போகிறேன். பாக்கிதா மத்தி போட்டும் இளைக்கிறேன்.

உன் தங்கை,
எலிசெண்டா


கென்ட்
8 டிசம்பர் 2023

அன்பு எலிசெண்டா,

உடம்பு சுகமே. மாத்திரை போடுகிறேன்.

நீ எழுதியதை நான்கு முறை படித்தேன். என் பக்கத்தையும் கொஞ்சம் கேள். அந்த வாரம்தான் ஒரு பத்திரிகை எழுதியிருந்தது: "என் மண்ணில் என் மொழியில்தான் பதில் சொல்வேன் என்று மேடையில் சத்தியம் செய்கிற ரொகாப்ருனா, தெருவில் மச்சானோடு ஸ்பானிஷில் கொஞ்சுகிறார்." மறுநாள் சந்தை. முகத்துக்கு எதிரே நான்கு கேமரா. ஒரு நாடே பிறக்கப் போகிறது என்று நம்பிக்கொண்டிருந்த நேரம். நான் என்ன செய்வது? ஒரே ஒரு நொடி. உன் வீட்டுக்காரர் புரிந்துகொண்டிருக்க வேண்டும். இதில் மன்னிப்புக் கேட்க என்ன இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமைதோறும் நம் நாட்டிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆதரவாளர்கள் வருகிறார்கள். என் வீட்டு முன்னால் நின்று பாடுகிறார்கள். போன வாரம் ஒரு கிழவி என் கையை முத்தமிட்டாள். எல்லோரும் கட்டிப்பிடிக்கிறார்கள். நான் எதைச் சொன்னாலும் தலையாட்டுகிறார்கள். என்னை ஒருவர் முட்டாள் என்று சொல்லி எத்தனை வருடம் ஆயிற்று தெரியுமா? முன்பெல்லாம் வாரம் இரண்டு முறையாவது கேட்பேன்.

உன் பார்சல் வந்தது. சாசேஜைச் சன்னமாக நறுக்கி, ரொட்டியில் தக்காளி தேய்த்துத் தின்றேன். இந்த ஊர்த் தக்காளி தண்ணீர். ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டால் நம் வீடு.

உன் அண்ணன்,
ஃபெலியு

பி.கு.: மூன்று பிழைகளை மட்டும் பின்பக்கத்தில் குறித்திருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே.


பொண்ட்வெல்
28 ஜனவரி 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

எலிசெண்டா சொல்ல, பக்கத்து வீட்டு இவெத் எழுதுவது.

பதில் இவ்வளவு தாமதமானதற்கு மன்னிக்கவும். ஜனவரி ஏழாம் தேதி, மூன்று ராஜாக்கள் பண்டிகைக்கு மறுநாள் காலை பயங்கர மூடுபனி. சந்தைப் படிக்கட்டில் பனி உறைந்திருந்தது. வழுக்கி விழுந்ததில் வலது மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. மாவுக்கட்டுப் போட்டிருக்கிறார்கள். இரண்டு மாதம் பேனா பிடிக்கக் கூடாதாம். கவலைப்பட ஒன்றும் இல்லை.

வீட்டில் சமையல் அவர்தான். மிக நன்றாகச் சமைக்கிறார்.

மூன்று பிழைகளுக்கும் நன்றி. இனிமேல் பிழை இருக்காது. தங்கள் விளக்கத்தையும் படித்தோம். அதற்குப் பதில் எழுத ஒன்றும் இல்லை.

தங்கள் உடல்நலம் பேணவும்.

எலிசெண்டா
(கைப்பட: இவெத்)


கென்ட்
11 பிப்ரவரி 2024

அன்பு எலிசெண்டா,

கடிதத்தைப் படித்ததும் அந்தச் சந்தைப் படிக்கட்டுதான் கண்ணில் நின்றது. பன்னிரண்டு வருடம் மேயராக இருந்த நான் அதற்கு ஒரு கைப்பிடி போட்டிருக்கலாம். கத்தலான் குடியரசைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன், கைப்பிடி நினைவுக்கு வரவில்லை.

இவெத்துக்கு என் நன்றி. ஒரு பிழை இல்லை. பள்ளியில் முறையாகப் படித்த தலைமுறை. இந்தப் பெண்களைப் பார்த்தால்தான் நாங்கள் பட்ட பாடு வீண் போகவில்லை என்று தோன்றுகிறது.

இதை இவெத் உனக்குப் படித்துக் காட்டுவாள் என்று தெரியும். பரவாயில்லை. வெளி ஆள் காதில் விழும்படி சொல்வது எனக்குச் சுலபமாக இருக்கிறது. மேடையில் பேசிப் பேசி அப்படி ஆகிவிட்டேன்.

இந்த மாதம் முழுவதும் ஹினேஸ் நினைப்பாகவே இருக்கிறது. 1974-இல், சர்வாதிகார ஆட்சியில் கொடியைத் தொட்டாலே ஜெயில் என்றிருந்த காலத்தில், கோவில் மணிக்கூண்டில் நம் கத்தலான் கொடியைக் கட்ட நாங்கள் இருவரும் ஏறியது உனக்குத் தெரியும். பேய் மழை. உச்சிக்குப் போனதும் கீழே பார்த்தேன், உறைந்துபோனேன். மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் இறங்க முடியவில்லை. ஹினேஸ்தான் கொடியைப் பிடுங்கிக் கட்டிவிட்டு, என் இடுப்பில் கயிறு கட்டி என்னை இறக்கினான். அவனுக்கு அந்தக் கொடி மேல் ஒரு பற்றும் இல்லை. "எதுக்குடா நீ வந்த?" என்று கேட்டேன். "உனக்கு வேணும்னா எனக்கும் வேணும், அவ்வளவுதான்" என்றான்.

மாட்ரிட்டில் எனக்கு நாலு வக்கீல்கள் இருக்கிறார்கள். அவனிடம் எனக்காகப் பேச ஒரு வக்கீல்கூட இல்லை.

கையை அசைக்காதே.

உன் அண்ணன்,
ஃபெலியு


பொண்ட்வெல்
10 மார்ச் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். பாதாம் மரம் பூத்திருக்கிறது. கை தேறி வருகிறது.

அன்று மழை பெய்யவில்லை. நல்ல வெயில். மணிக்கூண்டு ஓடு உள்ளங்கையைச் சுட்டது. கயிறும் இல்லை. இருவருடைய இடுப்பு பெல்ட்டையும் ஒன்றாக மாட்டித்தான் இறக்கியது. மேலும், இறங்கியதும் தாங்கள் வாந்தி எடுத்தீர்கள், அதை எழுதவில்லை.

இதை எலிசெண்டா எழுதச் சொன்னார்.

படிக்கட்டுக்குக் கைப்பிடி போட்டாயிற்று. புது மேயர் போட்டார். தங்கள் கட்சி இல்லை.

எலிசெண்டா
(கைப்பட: இவெத்)


கென்ட்
2 ஏப்ரல் 2024

அன்பு எலிசெண்டா,

உன் கடிதத்தை மேஜைமேல் வைத்துக்கொண்டு மூன்று வாரம் உட்கார்ந்திருந்தேன். அதனால்தான் தாமதம். உடம்புக்கு ஒன்றுமில்லை.

மணிக்கூண்டில் ஏறிய நாளில் நீ எங்களோடு இல்லை. நூற்பாலையில் பகல் ஷிப்டில் இருந்தாய். ஓடு சுட்டது உனக்கு எப்படித் தெரியும்?

இன்னொன்று. நம் மொழியில் சில சொற்களில் இரண்டு "எல்" எழுத்துகள் சேர்ந்து வரும்போது நடுவில் உயரத்தில் ஒரு புள்ளி வைக்க வேண்டுமே, ஊரில் முக்கால்வாசிப் பேர் அதைச் சோம்பேறித்தனமாக விட்டுவிடுவார்கள். இவெத் ஒன்றைக்கூட விடவில்லை. ஆனால் புள்ளியாக வைக்காமல் குட்டி வட்டமாகச் சுழிக்கிறாள். என் மாலை வகுப்பில் ஐம்பது அறுபது பேர் படித்திருப்பார்கள். ஒரே ஒரு பஸ் டிரைவர்தான் அப்படிச் சுழிப்பான். "புள்ளி வெச்சா பேனா மை ஊத்துது வாத்தியாரே" என்பான். அந்த ஒரு மணி நேரம் மட்டும் கிண்டலுக்காக என்னை வாத்தியாரே என்பான், வெளியே வந்ததும் டா.

பழைய இரண்டு கடிதங்களையும் எடுத்துப் பார்த்தேன். எண்ணினேன். பதினேழு வட்டம்.

நான் இவெத்திடம் எதுவும் கேட்கப் போவதில்லை. கேட்டால் எழுதுவதை நிறுத்திவிடுவாள். நீயும் கேட்காதே. கை ஆறிவிட்டாலும் அவசரப்பட்டுப் பேனாவைப் பிடித்துவிடாதே, எலிசெண்டா. எலும்பு விஷயம், பொறுமையாக இருக்க வேண்டும்.

ஆமாம், வாந்தி எடுத்தேன். வெயில்தான் அன்று. இத்தனை வருடமாக மேடையில் மழை என்று சொல்லிச் சொல்லி எனக்கே மழையாகிவிட்டது.

உன் அண்ணன்,
ஃபெலியு


பொண்ட்வெல்
5 மே 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

அனைவரும் நலம். எலும்பு பொறுமையாக ஆறுகிறது.

வரும் தேர்தலுக்குத் தங்கள் கட்சியின் வேட்பாளர் பட்டியலில் மூன்றாவது பெயராகத் தங்கள் பெயரைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். எங்கள் பால்கனிக்கு நேர் எதிர்ச் சுவர். பழைய படம், தலையில் முடி இருக்கிறது. யாரோ மீசை வரைந்துவிட்டார்கள். வரைந்தது இந்த வீட்டு ஆள் இல்லை.

இவெத் ஒரு விஷயம் கேட்கிறாள். அவளுக்கு அரசியல் தெரியாது. சந்தையில் அந்த மனுஷர் கையை நீட்டிய நொடியில் தாங்கள் என்ன நினைத்தீர்கள்? "புரிந்துகொண்டிருக்க வேண்டும்" என்று எழுதியிருந்தீர்கள். அது பதில் இல்லை என்கிறாள். பத்திரிகை, கேமரா, வாக்கெடுப்பு, அதெல்லாம் டிவியிலேயே கேட்டாயிற்றாம். அந்த ஒரு நொடி மட்டும் போதும் என்கிறாள். உண்மையை எழுத முடியாவிட்டால் எழுத வேண்டாம். அவளும் எழுத மாட்டாள்.

எலிசெண்டா
(கைப்பட: இவெத்)


கென்ட்
14 ஜூன் 2024

டேய் ஹினேஸ்,

நல்லா இருக்கியாடா. முழங்கால் எப்படி இருக்கு. நான் இருக்கேன்.

இதை ஸ்பானிஷ்ல எழுதுறேன். ஏழு வருஷத்துல ஒரு வரி எழுதல, எழுத்தெல்லாம் மறந்துபோச்சு, பிழை இருந்தா பொறுத்துக்க. கட்சிக்காரன் எவன் கையிலயாவது இது கிடைச்சா என் கதை முடிஞ்சுது. கிடைக்கட்டும்.

மன்னிப்புச் சட்டம் வந்துருச்சு, டிவியில பாத்திருப்ப. நிறைய பேர் ஊர் திரும்புறாங்க. என் பேரு மட்டும் தனியா நிக்குது. என் வழக்கு இந்தச் சட்டத்துக்குள்ள வருமா வராதான்னு முடிவாக வருஷம் ஒண்ணோ ரெண்டோ ஆகும்னு வக்கீல் சொல்றார். பெட்டிய அடுக்கி வாசல்ல வெச்சிருந்தேன். திரும்பவும் பிரிச்சு துணியெல்லாம் அலமாரியில வெச்சேன். அறுபத்தேழு வயசு ஆவுதுடா நமக்கு.

நீ கேட்டதுக்குப் பதில் சொல்றேன். ஒரு மாசமா எழுதிக் கிழிச்சேன். அந்த நொடியில உன்னப் பத்தி நான் நினைக்கவே இல்ல. நீ புரிஞ்சுக்குவேன்னும் நினைக்கல, தப்பா எடுத்துக்குவேன்னும் நினைக்கல. கேமராவுல நான் எப்படித் தெரியுறேன்னு மட்டும்தான் பாத்தேன். நாட்டுக்கே தலைவன் மாதிரி நின்னுக்கிட்டிருந்தேன், நீ பஸ் கம்பெனி சட்டையோட, அந்தச் சத்தமான குரலோட வந்த. உன்ன மறைக்கணும்னு தோணுச்சுடா. வெட்கமா இருந்துச்சு. உன்ன நினைச்சு வெட்கப்பட்டேன். கொள்கைன்னு அப்புறம்தான் பேரு வெச்சேன். அன்னிக்கு ராத்திரியே எனக்குத் தெரியும், ஆனா வெச்ச பேரு நல்லா இருந்துச்சு, எல்லாரும் கை தட்டினாங்க, விட்டுட்டேன்.

மன்னிச்சுருடா. மன்னிக்காட்டியும் பரவால்ல, எழுதுறத நிறுத்தாத. இங்க எல்லாரும் என் மொழியில என்கிட்ட மரியாதையாப் பேசுறாங்க. உன்கிட்டப் பேசின பேச்சு மட்டும் பேச ஆள் இல்லாம எனக்குள்ளயே கெடக்கு.

ஃபெலியு


பொண்ட்வெல்
9 ஜூலை 2024

அன்புள்ள அண்ணா,

நலமாக இருக்கிறாயா? இது என் கையெழுத்து. பிழைகளை எண்ணிக்கொள், நான்தான் என்று தெரியும்.

மாவுக்கட்டு மார்ச் எட்டாம் தேதியே பிரித்தாயிற்று. மறுநாள் நான் பேனாவை எடுத்தேன். அவர் பிடுங்கிக்கொண்டார். "எலும்பு சரியா கூடலேன்னா?" என்றார். அதற்கு அப்புறம் நான் சொன்னதை ஒரு வரிகூட அவர் எழுதவில்லை. அதற்கு முன்னாலும் அரைகுறைதான். மிக நன்றாகச் சமைக்கிறார் என்று நான் சொல்லவே இல்லை. இரண்டு மாதம் உப்பைத் தின்றேன். பாவம் இவெத், அவளுக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது.

நீ அவருக்கு எழுதியது வந்தது. உறையில் அவர் பெயரைப் பார்த்ததும் எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டார். சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. என்ன எழுதினாய் என்று எனக்குத் தெரியாது, காட்டவில்லை. மூன்று வாரம் அதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். சட்டையைத் துவைக்கக் கொடுங்கள் என்றால் பையைப் பிடித்துக்கொள்கிறார்.

இன்று காலை திடீரென்று, "முர்சியாவுக்குப் போறேன். அக்காவப் பாத்து ரொம்ப நாளாச்சு, ஒரு வாரம் இருந்துட்டு வரேன்" என்றார். பெட்டியில் சாசேஜ் ஆறு, தக்காளி ஒரு கிலோ, என் பாதாம் டப்பா. இரண்டு கம்பளிச் சட்டை, ஒரு குடை. அண்ணா, ஜூலை மாதம் முர்சியாவுக்கு யாராவது கம்பளிச் சட்டை எடுத்துப் போவார்களா? "அக்காவ நான் நெனச்சுக்கிட்டே இருக்கேன்னு சொல்லுங்க" என்று மட்டும் சொன்னேன். பெட்டியை மூடியபடி என்னைப் பார்த்தார். "சொல்றேன்" என்றார்.

நான் எழுதினேன் என்று அவரிடம் காட்டிக்கொள்ளாதே. அவருடைய பிளட் பிரஷர் மாத்திரை நீல டப்பாவில் இருக்கிறது, காலையில் ஒன்று போட வேண்டும், அவராகப் போட மாட்டார்.

எலிசெண்டா


கென்ட்
16 ஜூலை 2024

அன்பு எலிசெண்டா,

உன் கடிதம் நேற்றுதான் வந்தது. அதற்கு நான்கு நாள் முன்னாலேயே ஆள் வந்துவிட்டான். நேற்றும் இன்றும் மாத்திரை போட வைத்தேன். இருவரும் சுகம்.

மணி அடித்தது. கதவைத் திறந்தேன். குடையும் பெட்டியுமாக நின்றான். சுத்தமான கத்தலானில், என் வகுப்பில்கூட அவ்வளவு சுத்தமாகப் பேசியதில்லை, "வணக்கம் ஐயா. தங்கள் கடிதம் கிடைத்தது" என்றான். முகத்தில் சிரிப்பே இல்லை. சந்தையில் அவனுக்கு எப்படி இருந்தது என்று அந்த வாசலில் நின்றுதான் தெரிந்துகொண்டேன். "உள்ள வாடா" என்றேன் ஸ்பானிஷில். பெட்டியை என் காலில் போட்டான். அப்புறம் படிக்கட்டு முழுக்கக் கேட்கும்படி திட்டினான் பார், மேல் வீட்டுக்காரி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். மூன்றாவது கெட்ட வார்த்தையில் நான் அழுதேன். அவனும் அழுதான், ஆனால் திட்டுவதை நிறுத்தவில்லை.

கொடியை இறக்க மாட்டானாம். "உன் நாடு எனக்கு வேணாம்டா, நீ மட்டும் வேணும்" என்றான். நானும் என் கொள்கையை விடவில்லை. நான்கு நாள் அதைப் பற்றியே சண்டை போட்டோம். இவ்வளவு சந்தோஷமாக நான் சண்டை போட்டுப் பல வருடம் ஆகிறது.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் பஸ் வந்தது. நாற்பது பேர், பாட்டு, மஞ்சள் ரோஜா. ஹினேஸ் உள்ளேயே இருந்துவிடுகிறேன் என்றான். நான் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். எல்லோருக்கும் எதிரே, ஸ்பானிஷில், "வாடா, முன்னால வந்து நில்லுடா. இவன் என் மச்சான், என் சிநேகிதன்" என்றேன். பாட்டு நின்றுவிட்டது. ஒருவர், "நீங்களா ஐயா இப்படிப் பேசறீங்க?" என்று கேட்டார். ரோஜாவைக் கொடுத்த பெண் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். எல்லோர் கையிலும் போன் இருந்தது. சாயங்காலத்துக்குள் நாடு முழுக்கப் பார்த்துவிட்டது. நீயும் பார்த்திருப்பாய்.

கட்சிச் செயலாளர் கூப்பிட்டார். "சும்மா கிண்டலுக்குப் பேசினதுன்னு ரெண்டு வரி போட்டுடுங்க, முடிஞ்சுரும்" என்றார். கிண்டல் இல்லை என்றேன். "அப்ப கட்சியில உங்க இடம்..." என்று இழுத்தார். வேறு யாருக்காவது கொடுங்கள் என்றேன். அடுப்பில் பால் வைத்திருந்தேன். அது பொங்குவதற்குள் நாற்பது வருட அரசியல் முடிந்துவிட்டது. பக்கத்தில் நின்ற ஹினேஸ் அடுப்பை அணைத்தான்.

இன்று காலை அவனை ரயிலேற்றினேன். அவன் போகிற ஊருக்கு நான் போக முடியாது. ஜன்னலுக்குள்ளிருந்து, "அவகிட்ட முர்சியான்னுதான் சொல்லப் போறேன். நீ எதையும் உளறிடாத" என்று சத்தியம் வாங்கிக்கொண்டான். அதனால் அவன் வந்ததும் நீ எதையும் காட்டிக்கொள்ளாதே. அக்கா எப்படி இருக்காங்க என்று கேள். இளைச்சுட்டா என்பான். அது நான். ஒண்டியா இருக்கா, ஊர் நினைப்பாவே இருக்கா என்பான். அதுவும் நான்தான். வீட்டுக்கு வந்துடுன்னு கூப்பிட்டேன், வர முடியல, ரயில் கிளம்புறப்ப ஸ்டேஷன்ல நின்னு சின்னப் பிள்ளை மாதிரி அழுதா என்பான். எல்லாவற்றையும் கேட்டுக்கொள், எலிசெண்டா. கேட்டுவிட்டு, அக்காவைப் பற்றி இன்னொரு தடவை சொல்லச் சொல்.

உன் அண்ணன்,
ஃபெலியு